சலோமி அம்மாளின் பலகை

தேயிலைத் தோட்டத்து மர ஆலயத்துக்கு வயது நூற்றுப் பத்து. அதைச் செப்பனிட வந்தவர் இஸ்ரவேல் ஆசாரி. அவரிடம் வேலை கற்க வந்த மாசிலாமணிக்கு நாற்பத்தாறு வயது. அதுவரை பஸ்களுக்குப் பாடி கட்டிக்கொண்டிருந்தவன்.

"ஆசாரியாரே, பழைய கட்டடத்துல எதை மாத்தணும், எதை விடணும்?"

"ஞாயித்துக்கிழமை ஆராதனை முடியட்டும், சொல்றேன். அதுவரைக்கும் தரையில கை வைக்காதே."

ஆசாரி மரம் வாங்க மலையிறங்கிவிட்டார்.

மாசிலாமணிக்குக் கை சும்மா இருக்காது. பீடத்துக்கு முன்னால் ஒரு பலகை நடுவில் குழிந்து கிடந்தது. பஸ்ஸில் இப்படி இருந்தால் முதலாளி வேலையை விட்டே அனுப்பியிருப்பார். அதைப் பெயர்த்தான். கையிருப்பில் இருந்த புதுத் தேக்கை இழைத்து முடுக்கினான். கோலிக்குண்டை வைத்தாலும் உருளாது, அவ்வளவு மட்டம்.

ஞாயிறு காலை ஆசாரி திரும்பி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். முதல் பாட்டு தொடங்கியபோது சலோமி அம்மாள் வந்தார். கண் தெரியாதவர். வெறுங்காலால் தரையைத் தடவிக்கொண்டே நடந்தார். ஐம்பது வருடமாக, அந்தக் குழியில் கால் பட்டதும் முழங்காலிடுவார். அவருடைய அம்மாவுக்கும் அதுதான் இடம்.

இன்று கால் எதிலும் படவில்லை. நேரே போய்ப் பீடத்துக் கிராதித் தடுப்பில் இடித்துக்கொண்டார்.

"ஏன் தம்பி, நான் வேற கோயிலுக்கு வந்துட்டேனா?"

பக்கத்தில் நின்றது மாசிலாமணிதான்.

"இல்லம்மா. இதே கோயில்தான். கொஞ்சம் உக்காருங்க."

வெளியே ஓடினான். பின்பக்கச் சேற்றில் நடக்கப் போட்டிருந்த பழைய பலகையைத் தூக்கி வந்து துடைத்தான். புதுப் பலகையின் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினான். ஆராதனை நடத்திய போதகர் ஐயர் அதே பாட்டை இரண்டாம் முறை பாடச் சொன்னார். பிறகு மூன்றாம் முறை.

"மேஸ்திரி, பஸ் கிளம்புமா?" என்றது ஒரு குரல். சிலர் சிரித்தார்கள்.

சலோமி அம்மாளின் கால் குழியைக் கண்டுபிடித்தது. "இந்தா இருக்கே" என்று முழங்காலிட்டார்.

ஆராதனை முடிந்தது. புதுப் பலகையைக் கக்கத்தில் இடுக்கியபடி ஆசாரிக்கு முன்னால் போய் நின்றான் மாசிலாமணி. அன்று கேட்டதை மறுபடி கேட்கவில்லை.

"இதை என்ன செய்ய, ஆசாரியாரே?"

"அந்தம்மாவுக்குப் பக்கத்துப் பலகை உளுத்துப் போச்சு. அங்க போடு."

"சரி."

"முடுக்குறதுக்கு எப்படியும் முழங்கால் போட்டுத்தானே ஆகணும்? முடிச்சதும் உடனே எந்திரிச்சிடாதே."