கடைசி இலை யாருக்கு?

பந்தியில் இலை போடுகிற செவந்தி என்றொருத்தி இருந்தாளாம். அவள் குடிசை மேல் ஜமீன்தாருக்கு ஒரு கண். வேண்டுமென்றே ஆயிரத்து இருநூற்று எழுபத்தொன்பது பேரை விருந்துக்கு அழைத்தார். ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் மிச்சமில்லாமல் வகுபடாத எண் அது.

"எல்லா வரிசையும் சமமா இருக்கணும் புள்ளே. ஒரே வரிசையாவும் போடக்கூடாது. ஓர் இலை காலியாக் கிடந்தாலும் குடிசை என்னுது!"

செவந்தி அசரவில்லை. நாற்பது நாற்பதாக முப்பத்திரண்டு வரிசை போட்டாள். ஊர் உட்கார்ந்தது. ஓர் இலை மிஞ்சியது.

"தோத்தே!" என்று குதித்தார் ஜமீன்தார்.

"அது உங்க இலை எசமான். விருந்து வச்சவரு எங்ககூட உட்கார மாட்டீங்களா?"

ஊரே அவரைத் திரும்பிப் பார்த்தது. ஜமீன்தார் தன் வண்டிக்காரன் பக்கத்தில் போய்ச் சம்மணமிட்டார்.

செவந்தி சோற்றுக் கரண்டியோடு வந்தாள்.

"வயிறாரச் சாப்பிடுங்க எசமான். குடிசையை நான் பாத்துக்கிறேன்."