மூக்கைத் தூக்கும் விமானம்

"இந்த விமானத்துக்கு என்னைப் பிடிக்கலை மேடம்."

சொன்னவர் கேப்டன் குழந்தைசாமி. வயது ஐம்பத்துமூன்று. இருபத்தாறு வருஷம் வாலருகே, உயரத்தில் எஞ்சின் வைத்த விமானங்களையே ஓட்டியவர். கேட்டவள் அவருக்குப் பயிற்சி தரும் விமானி அமலோற்பவம். அவரைவிட இருபது வயது இளையவள்.

நாளை மறுதேர்வு. அதிலும் தவறினால் அவர் இனி பறக்க முடியாது.

இருவரும் பயிற்சிக்கூடத்தின் பொம்மை விமானத்தில், அதாவது சிமுலேட்டரில், உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடியில் மூடுபனி ஓடியது. பொய்ப்பனிதான். ஆனாலும் பார்க்கப் பார்க்க உடம்பு மிதந்தது.

ஓடுபாதை தெரியவில்லை. தெரியாவிட்டால் இறங்கக் கூடாது, மறுபடி மேலேற வேண்டும். காலையிலிருந்து மூன்று முறை மேலேறி, மூன்று முறையும் விழுந்திருந்தார். சும்மா சொல்லக்கூடாது, அழகாகவே விழுந்தார்.

"முழு விசை கொடுத்தா மூக்கு கவிழும். அதான் கோலை மார்புப் பக்கம் இழுக்கறேன்."

"இதுல எஞ்சின் எங்க இருக்கு?"

"இறக்கைக்குக் கீழ. தெரியுமே."

"கையை மடியில வெச்சுக்குங்க."

"விழுந்துடும் மேடம்!"

"விழட்டும்."

அவளே விசையை முழுதும் தள்ளினாள். கீழிருந்து தள்ளிய விசையில் மூக்கு தானாக எழுந்தது. பனி கீழே நழுவியது. மேலே வெறும் நீலம். இன்னும் எழுந்தது. பிறகு வேகம் செத்து, எல்லாம் மெல்லச் சரிந்து, திரை இருண்டது.

"யார் இழுத்தது கேப்டன்?"

அவர் மடியைப் பார்த்தார். இரண்டு கையும் அங்கேயே இருந்தன.

"இன்னொரு தடவை," என்றார். குரல் இறங்கியிருந்தது.

மீண்டும் பனி. மெதுவாக இறங்கினார். வேகம் குறையக் குறைய மூக்கு தாழப் பார்த்தது. மூக்கை வைத்த நிலையிலேயே பிடித்து நிறுத்த முழங்காலருகே இருந்த டிரிம் சக்கரத்தைப் பின்னுக்குச் சுற்றி, அதைத் தூக்கி நிறுத்தினார். கைக்குப் பாரமில்லாமல் போயிற்று.

ஓடுபாதை தெரியவில்லை.

முழு விசை. மூக்கு எழுந்தது. கை இழுக்கத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கோலை முன்னே தள்ளினார். மூக்கு நின்றது. ஆனால் தோள் நடுங்கியது, வியர்த்தது, கோலோ திரும்பத் திரும்ப அவர் மார்புக்கே வந்தது.

"முடியலை மேடம். என்னா பலம் இதுக்கு!"

"யாரோட மல்லுக்கட்டறீங்க?"

அவர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். அவர் சுற்றிவைத்த இடத்திலேயே அது நின்றிருந்தது.

"என்னோடதான்," என்று சொல்லி, அதை முன்னுக்குச் சுற்றினார்.