கார்மேக மாமா கொடுத்த கறுப்பு ஷூ

அந்தக் காலத்தில், அதாவது மயிலும் மனுசனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாஷையில் சண்டை போட்டுக்கொண்ட காலத்தில், மேற்கு மலை அடிவாரத்தில் ஒரே ஒரு பள்ளிக்கூடம்தான் இருந்தது. யானைக்கன்று, கரடிக்குட்டி, குரங்கு, காட்டுப்பன்றி, மனுசப் பிள்ளை எல்லாருக்கும் அதே பள்ளிக்கூடம், அதே மணி, அதே உப்புமா. நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். நம்பாவிட்டால் போங்கள், நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெரிய பொறுப்பு இருந்தது. மழையைக் கூப்பிடுவது. வெயில் காலம் முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற அன்று விடிந்தும் விடியாமல், பதின்மூன்று வயதிலிருந்து பதினாறு வயது வரைக்கும் உள்ள பிள்ளைகள் எல்லாரும் மலைமேல் இருக்கிற தட்டுப்பாறைக்கு ஏறிப் போவார்கள். வரிசையாக நின்று, எல்லாரும் சேர்ந்து ஒரே ஒரு தடவை காலைத் தூக்கித் தட்டுவார்கள். அந்தச் சத்தம் பாறைக்குள் இறங்கி, மலையைத் துளைத்து, மேற்கே கடல் வரைக்கும் போகும். கடலில் படுத்திருக்கும் கார்மேகம் அதைக் கேட்டு எழுந்து வரும். சின்னப் பிள்ளைகள் தட்டினால் சத்தம் அவ்வளவு தூரம் போகாது. பெரியவர்களுக்கோ கால் ஓய்ந்து போயிருக்கும். அதனால் இந்த வேலை நடுவில் உள்ள இந்த வயசுக்காரர்களுக்குத்தான்.

கார்மேகத்தை அவர்கள் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை வந்தாலும் கை நிறையக் கொண்டுவருகிறவர் தாய்மாமன் தானே!

ஒரு வருஷம் மழை கொஞ்சம் குறைந்துவிட்டது. பி.டி. வாத்தியாராக இருந்த கரடி சார் யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் எதையும் சத்தத்தை வைத்தே எடை போடுகிறவர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும்.

"சத்தம் பத்தலை, அதான் மாமா பாதியிலேயே திரும்பிட்டாரு" என்று முடிவு கட்டினார். "அடுத்த வருஷம் வெறுங்காலோட ஒருத்தரும் வரக்கூடாது. காலில எதையாவது மாட்டிட்டு வாங்க. யார் கால் சத்தம் ஜாஸ்தியோ அவங்களுக்கு முன்வரிசை!"

சொல்லியிருக்கவே கூடாது. அந்த வயசுப் பிள்ளைகளிடம் காலில் எதையாவது மாட்டு என்றால் சும்மா இருப்பார்களா? குரங்குப் பையன் இரண்டு சிரட்டையை மாட்டினான். யானைக்கன்று பலாப்பழத்தைக் குடைந்து போட்டுக்கொண்டது. மனுசப் பிள்ளைகள் மூங்கில் கட்டை. எல்லாரையும் மிஞ்சியவன் தோகையன் என்கிற மயில் பையன். கொன்றைப் பூ ஒட்டி, குன்றிமணி கோத்து, முழங்கால் வரைக்கும் மூடுகிற மாதிரி ஒரு ஜோடி செய்துகொண்டான். அவன் கால் அழகில்லாத கால். வறண்டு, செதில் செதிலாக இருக்கும். அத்தனை அழகான உடம்பை வைத்துக்கொண்டு அந்தக் காலை நினைத்து நினைத்துக் கூசிப்போனவன். இப்போது காலை மூட ஒரு வழி கிடைத்ததும் அவனுக்குத் தரையிலேயே கால் பாவவில்லை.

செவந்திக்குத்தான் ஒன்றும் அமையவில்லை.

செவந்தி பத்தாம் வகுப்பு. சருகுமான் பெண். சருகுமானைப் பார்த்திருக்கிறீர்களா? முயல் அளவுதான் இருக்கும். கால் நாலும் பென்சில் மாதிரி. அவள் புங்கங்காய் ஓட்டை எடுத்து நாரால் கட்டிப் பார்த்தாள், இரண்டு எட்டில் உடைந்துவிட்டது. நாவல் பட்டையைச் சுற்றிப் பார்த்தாள், கழன்று விழுந்தது. திறப்பு நாள் வந்தேவிட்டது.

அந்த நாளில் அவள் வீட்டு நிலைமையும் மோசம். ஆலமர வேருக்கடியில் அவர்கள் குடியிருந்தார்கள். பக்கத்து ஊற்றில் ஒரு கையளவு தண்ணீர்தான் மிச்சம். அம்மாவுக்கு மூன்று நாளைக்கு முன்னால்தான் பிரசவம். தங்கச்சி பிறந்திருக்கிறாள். அம்மாவுக்குப் பால் வற்றிக்கொண்டு வந்தது.

"ஏட்டி செவந்தி" என்றாள் அம்மா. "நல்லா ஓங்கித் தட்டிட்டு வா. இன்னைக்கு மாமா வரலைன்னா இவ தாங்க மாட்டா."

செவந்தி வெறுங்காலோடு ஓடினாள்.

தட்டுப்பாறையில் விடியற்காலையிலேயே முடிந்திருக்க வேண்டிய காரியம் நீண்டுகொண்டே போனது. கரடி சார் ஒவ்வொரு காலாகப் பார்த்து, தட்டச் சொல்லி, காதைக் கொடுத்துக் கேட்டு, முன்னே பின்னே நிறுத்தி, மாற்றி, மறுபடி நிறுத்தி… வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. பாறை அடுப்புக்கல் மாதிரி கொதித்தது. காலில் எதையாவது மாட்டியிருந்தவர்களுக்கு அது தெரியவில்லை.

"என்னட்டி இது, வெறுங்காலு?" என்றார் சார்.

"ஒண்ணும் நிக்க மாட்டேங்குது சார்."

"சரி சரி, கடைசி வரிசைக்குப் போ. நீ தட்டக்கூட வேண்டாம், சும்மா நில்லு. உன் கால் சத்தத்துல என்ன வந்துரப் போகுது?"

செவந்திக்கு முகம் சுண்டிப்போனது. யானைக்கன்றுக்குப் பின்னால் போய், நிழல் விழுந்த இடமாகப் பார்த்து நின்றாள்.

சார் விசில் ஊதினார். எல்லாரும் தட்டினார்கள். சிரட்டை ஒரு பக்கம், மூங்கில் ஒரு பக்கம், குன்றிமணி ஒரு பக்கம். சந்தைக்கடை தோற்றது!

கடல் பக்கம் வானம் இருண்டது. மாமா வந்துவிட்டார்.

அவர் வந்ததை எப்படிச் சொல்வேன்! மலைக்குப் பின்னால் இன்னொரு மலை எழுந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. எல்லாம் ஒரே உடம்பு. தோளில் கிடந்த துண்டின் நுனி காட்டின் இந்தக் கோடியில் உரசியது, மறு நுனி கண்ணுக்கே எட்டவில்லை. காற்று நின்றது. இலை அசையவில்லை. கரடி சாரின் வாயிலிருந்து விசில் நழுவி விழுந்தது.

மாமா பாறைக்கு மேலே குனிந்து காது கொடுத்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"இது என் மருமக்க சத்தம் இல்லையே" என்றார். அந்தக் குரல் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே கேட்டது. "மேல இருந்து பார்த்தா எனக்கு முகம் தெரியாது. கால் சத்தத்தை வச்சுத்தான் வாரேன். இது வேற ஊரு போலிருக்கு."

வடக்கே திரும்பத் தொடங்கிவிட்டார். இருட்டு மெல்ல விலகி, பாறையின் ஒரு ஓரத்தில் வெயில் விழுந்தது.

செவந்திக்குத் தங்கச்சியின் வறண்ட வாய்தான் கண்ணில் நின்றது. அவ்வளவுதான், சார் சொன்னதும் மறந்தது, வெட்கமும் மறந்தது. யானைக்கன்றின் காலுக்கு நடுவில் புகுந்து ஓடி, முன்வரிசையைத் தாண்டி, வெயில் விழுந்த அந்த ஓரத்துக்கே போனாள். காலைத் தூக்கித் தட்டினாள்.

டிக்.

அவ்வளவுதான் சத்தம். பக்கத்தில் நின்ற குரங்குப் பையனுக்குக்கூடச் சரியாகக் கேட்கவில்லை.

மாமா நின்றுவிட்டார்.

அத்தனை பெரிய உடம்பு, வானத்தை அடைத்த உடம்பு, அந்த டிக்கைக் கேட்டு நின்றது.

"யாரும்மா அது?"

"செவந்தி, மாமா. பத்தாம் வகுப்பு. கடைசி வரிசை."

"போன வருஷம் தட்டினப்போ கடைசியில ஒரு டிக் கேட்டுதே, அது நீயா?"

"ஆமா மாமா."

"அட என் மருமகளே! இடி மாதிரி தட்டுறதுக்கு எல்லா மலையிலயும் ஆளு உண்டு. இந்த டிக் இங்க மட்டுந்தான் உண்டு. இதை வச்சுத்தானே நான் ஊரைக் கண்டுபிடிப்பேன்! போன வருஷம் அது நடுங்கி நடுங்கிக் கேட்டுது, இடம் சந்தேகமாயி பாதியைக் கொட்டிட்டுப் போயிட்டேன்."

கரடி சார் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். போன வருஷமும் அவளைச் சத்தம் வராமல் தட்டச் சொன்னவர் அவர்தான்.

தோகையன் செவந்தியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மாமாவைப் பார்த்தான். என்ன தோன்றியதோ, குனிந்து தன் கொன்றைப் பூச் செருப்பைக் கழற்றி ஓரமாக எறிந்தான். ஊர் முழுக்கப் பார்க்க, அந்தச் செதில் கால் வெளியே வந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவன் போய்ச் செவந்தி பக்கத்தில் நின்றான். அதைப் பார்த்துச் சிரட்டை கழன்றது, மூங்கில் கழன்றது, பலாத்தோலும் உருண்டு போனது.

வெறுங்கால் பாறையில் பட்டதுதான் தாமதம், "ஆத்தாடி! ஊஊ!" என்று எல்லாரும் குதிக்க ஆரம்பித்தார்கள். யானைக்கன்று குதித்ததைப் பார்த்து மாமாவுக்குச் சிரிப்பு வந்து, இடி உருண்டது.

செவந்தி மட்டும் குதிக்கவில்லை.

"உனக்குச் சுடலையாம்மா?"

"சுடுது மாமா. காலை எடுத்தா நீங்க போயிருவீங்களோன்னுதான்…" நாலு காலும் கொப்புளித்திருந்தன.

மாமாவின் சிரிப்பு நின்றது. அவர் மண்டி போட்டார். வானம் மண்டி போட்டதை அன்று பார்த்தவர்கள் சாகிற வரைக்கும் அதைப் பேசிக்கொண்டிருந்தார்கள். மலை உச்சியில் ஒரு முழங்கால், பள்ளிக்கூடத்துக்கு அப்பால் ஒரு முழங்கால். தோளில் கிடந்த கறுப்புத் துண்டை எடுத்து, ஒரு கிழி கிழித்தார். மின்னல் வெட்டியது. கொப்புளித்த அந்தப் பென்சில் கால் நாலிலும், அந்தப் பெரிய விரல்களால், வலிக்காமல் சுற்றிக் கட்டினார். குளுகுளுவென்றிருந்தது. பிறகு ஒவ்வொருவர் காலுக்கும் கிழித்தார். யானைக்கும் அதே கறுப்பு, எலிக்கும் அதே கறுப்பு. தாய்மாமன் சீரில் யாருக்கும் ஓரவஞ்சனை இல்லை.

"இப்போ தட்டுங்க பார்ப்போம்."

தட்டினார்கள். ஒரே சத்தம். அதன் நடுவில் தெளிவாக ஒரு டிக்.

கொட்டியது பாருங்கள் மழை! ஊற்று நிரம்பியது, ஓடை ஓடியது. அன்று சாயங்காலமே செவந்தியின் அம்மாவுக்குப் பால் ஊறி, தங்கச்சி வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கினாள்.

போகும்போது மாமா இரண்டு வார்த்தை சொன்னார்.

"மருமக்களே, அடுத்த தடவை வாரப்போ எல்லார் காலும் இதே கறுப்பா இருக்கட்டும். பளபளன்னு துடைச்சு வையுங்க, குனிஞ்சா என் முகமே அதில தெரியணும். அப்பத்தான் இது என் பிள்ளைகன்னு எனக்குத் தெரியும். இன்னொண்ணு. யாருக்காவது இல்லைன்னா அவங்களுக்கு முதல்ல கொடுங்க. அதுக்குப் பிறகு தட்டுங்க. ஒரு கால் குறைஞ்சாலும் நான் எண்ணிட்டேதான் நிப்பேன்."

"சரி மாமா" என்று கரடி சார்தான் முதலில் சொன்னார். அழுதுகொண்டே சொன்னார்.

மிருகங்களுக்கு அந்தத் துண்டு காலோடு ஒட்டிக் குளம்பாகவும் நகமாகவும் ஆகிவிட்டது. தோகையன் அன்று மழையில் ஆடிய ஆட்டத்தில் ஒட்டுவதற்கு முன்பே அவனுடையது கழன்று போனது. அவன் தேடவும் இல்லை. இன்றைக்கும் மாமாவைக் கண்டால் அந்தக் காலோடுதான் ஆடுகிறான். மனுசப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒட்டவில்லை. சாயங்காலம் வந்ததும் வாசலில் உதறி எறிகிற கால் ஆயிற்றே! அதனால் அவர்களுக்கு அது கழற்றி மாட்டுகிற கறுப்பு ஷூவாகவே நின்றுவிட்டது. புது ஷூ முதல் நாள் கிறீச் கிறீச் என்கிறதே, அது உள்ளே மிச்சமிருக்கிற இடி. புதன்கிழமை போடுகிற வெள்ளைக் கான்வாஸ் ஷூ, கொட்டித் தீர்த்து வெளுத்துப்போன மேகத்தின் துண்டு.

பி.டி. சார்கள் பள்ளிக்கூடக் கேட்டில் நின்று காலைப் பார்ப்பதும், பிரவுன் ஷூவுக்கும் கலர் லேசுக்கும் சத்தம் போடுவதும் மாமாவின் முதல் வார்த்தைக்காக. இரண்டாவது வார்த்தையைத்தான் பாதிப் பேர் மறந்துவிட்டார்கள்.

இன்றைக்கும் பள்ளிக்கூடம் திறக்கிற நாளும் மழை வருகிற நாளும் ஒன்றாக வருகின்றன. சில வருஷம் மேகம் மலைமேல் கறுத்துத் திரண்டு, பெய்யாமல் நாள் கணக்கில் நிற்கிறதே, பார்த்திருப்பீர்கள். மாமா வந்துவிட்டார். எண்ணிக்கொண்டிருக்கிறார். எங்கேயோ ஒரு கடைசி வரிசையில் இன்னும் ஒரு ஜோடி குறைகிறது.