கண்ணாடியில் தொங்கிய அட்டை

தூத்துக்குடி லாரி புரோக்கர் தீர்த்தாரப்பனுக்கு வாய் கொஞ்சம் பெரிசு. ஒற்றை லாரியை வைத்துப் பிழைக்கும் சங்ககிரி அங்கமுத்துவிடம் கறாராகச் சொன்னார்:

"வண்டி எப்படியும் ஊருக்குத் திரும்பத்தானே போவுது? உப்பு ஏத்திக்கோ, பாதி வாடகைதான். இல்லன்னா காலியா போ."

"நியாயந்தானுங்க" என்ற அங்கமுத்து, ஓர் அட்டையில் எழுதி முன்கண்ணாடியில் மாட்டிக்கொண்டு உப்புக் குடோனுக்குப் போனார்.

'ஊர் திரும்பும் வண்டி. பாதி வாடகை.'

உப்பு முதலாளி ஞானராஜ் அதைப் படித்துவிட்டு, வண்டியோடு வந்திருந்த புரோக்கர் பக்கம் திரும்பினார். "ஏன்வே, எங்கிட்ட முழு வாடகை வாங்கினீரே, அது எந்த வண்டிக்கு?"

தீர்த்தாரப்பன், "இவருக்குத்தான்... மீதியைக் கொடுக்கத்தான் வந்தேன்" என்று பையைத் துழாவினார்.

பணத்தை வாங்கிக்கொண்ட அங்கமுத்து அட்டையைத் திருப்பி மாட்டினார். பின்பக்கம் ஏற்கெனவே எழுதியிருந்தது:

'முழு வாடகை. புரோக்கர் அண்ணாச்சிக்கு நன்றி.'