வரிசையில் பூவாளின் இடம்

கிட்ட வந்து உட்காருங்க. சுவரோரம் சாய்ந்திருக்கிறவங்களும்தான். சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது.

ஒரு காட்டில் மழையே இல்லாமல் போச்சு. ஓடை மணலாகிவிட்டது. குட்டைகள் வெடித்துக் கிடந்தன. குடிக்கத் தண்ணீர் என்று இரண்டே இடம்தான் மிச்சம். ஒன்று, பக்கத்திலேயே இருந்த கருமடு. நிழலான இடம், சரிவான கரை, தலையைக் குனிந்தால் தண்ணீர். இன்னொன்று, மலை மேலே பாறையிடுக்கில் ஒரு சுனை. அதற்கு முள்ளுக்காட்டைத் தாண்டி, சுடுகிற பாறையில் ஏறி, அரைநாள் நடக்கணும்.

கருமடுவில் ஒரு முதலை இருந்தது. முன்னொரு வெள்ளத்தில் வந்து சேர்ந்தது. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் யாரும் கரையேறவில்லை. அதனால் அது இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒரு நீர்நாய் மட்டும், மடுவில் முதலை வாடை அடிக்கிறது என்று சொல்லிவிட்டு, குடும்பத்தோடு காட்டை விட்டே போய்விட்டது.

புள்ளிமான் கூட்டத்துக்குத் தலைவர் செங்கொம்பர். காடே அவர் பேச்சைக் கேட்கும். நீர்நாய் சொன்னது காதில் விழுந்ததும், விசாரித்துச் சொல்லும்படி நீளவாலன் என்ற குரங்கிடம் பொறுப்பைக் கொடுத்தார். நீளவாலன் தரையில் நடக்கிறவர்களுக்கு எட்டாத ஒரு மரப்பொந்தில் தேங்கின கொஞ்சம் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். மடுவுக்குப் போக வேண்டிய தேவையே அதற்கு இல்லை.

அது விசாரித்த லட்சணத்தைக் கேளுங்கள். சாயங்காலம் மடுவிலிருந்து திரும்புகிறவர்களை நாவல்மரத்தடியில் வரிசையாக நிற்க வைக்கும். தான் மேலே கிளையில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து ஒவ்வொருவராகக் கேட்கும்.

"முதலையைப் பார்த்தியா?"

"இல்லை."

"நீ?"

"இல்லையே."

கடைசி ஆள் வரை இதே பதில்தான். உடனே செங்கொம்பரிடம் தாவிப் போய், நூற்றுக்கு நூறு பேர் பார்க்கவில்லை, மடு பத்திரம் என்று சொல்லும். அவரும் நிம்மதியாகப் படுத்துக்கொள்வார்.

வரிசை மட்டும் குறுகிக்கொண்டே வந்தது. அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்கள். காணாமல் போனவர்கள் அக்கரைக் காட்டுக்குப் போயிருக்கிறார்கள், அங்கே புல் பச்சையாக இருக்கிறதாம். சொல்லிச் சொல்லி அதை நம்பியும் விட்டார்கள். ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார்களே என்று சிலருக்குக் கோபம்கூட.

அந்தக் காட்டில் மிளகி என்று ஒரு சருகுமான் இருந்தது. சருகுமான் என்றால் முயலைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். காய்ந்த இலைக்குள் நின்றால் கண்ணுக்கே தெரியாது. வரிசையைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த மிளகிக்கு ஒன்று உறுத்தியது. 'வந்தவங்களைத்தானே கேட்கிறான் இவன். முதலையைப் பார்த்தவன் எப்படி இந்த வரிசைக்கு வருவான்?'

அது அணிலைக் கூப்பிட்டது. நாவல் பழுத்த சமயம் எல்லோரும் கூடின காட்டுக்கூட்டம் ஒன்று நடந்திருந்தது, அதற்கு வந்திருந்த அத்தனை பேரையும் அணிலுக்கு ஞாபகம் இருந்தது. ஆளுக்கொரு புங்கங்காய் எடுத்து, இன்னார் காய் என்று பல்லால் அடையாளம் கீறச் சொன்னது மிளகி. இருக்கிறவர், இல்லாதவர் எல்லோருக்கும். காய்களைப் பாறைக்குழியில் கொட்டியது. மேலே கிடப்பதை மட்டும் பொறுக்கினால் கடைசியாகக் கீறின பெயர்களே வரும் என்று, அடிவரை காலை விட்டுக் கலக்கியது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு இருபது காயை எடுத்தது.

யார் காய் வந்ததோ அவர்கள் வருவார்கள் என்று காத்திருக்கவில்லை. அவர்கள் படுக்கிற இடத்துக்கே தேடிப் போனது. பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எட்டுப் பேர் இடத்தில் சிலந்தி வலை பின்னியிருந்தது. அந்த எட்டுப் பேருக்காக அக்கரைக்கும் போய்ப் பார்த்தது. அங்கே புல்லும் இல்லை, அவர்களும் இல்லை.

மிளகி கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்று இதையெல்லாம் சொன்னது.

"இருபதுக்கு எட்டுப் பேர் இல்லை, பெரியவரே. முழுக் காட்டுக்கும் பார்த்தா, பத்துக்கு ரெண்டு பேர்லேருந்து ஆறு பேர் வரைக்கும் போயிருப்பாங்க. இதுக்கு மேலே நெருக்கிச் சொல்ல என்னால ஆகாது."

நீளவாலன் கிளையில் புரண்டு சிரித்தது. "ரெண்டா, ஆறா? தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிட்டுப் போயேன், குள்ளச்சி."

"தெரிஞ்ச அளவு அதுதான். வேற இருபது காய் எடுத்தா எட்டு ஏழாகலாம், ஒன்பதாகலாம். எப்பவாவது ஒரு தடவை நான் சொன்ன வரப்பைத் தாண்டியும் போகலாம். ஆனா யாருமே போகலைன்னு வராது."

செங்கொம்பர் கூட்டத்திலிருந்த குட்டிகளைப் பார்த்தார். கெட்டவர் இல்லை அவர். களைத்துப் போயிருந்தார். "சரி, நாளைக்கு யாரைப் பிடிக்கும்? அதைச் சொல்லு."

"அது எனக்குத் தெரியாது."

"எத்தனைன்னும் அடிச்சுச் சொல்ல மாட்டேங்கற. யாருன்னும் சொல்ல மாட்டேங்கற. இவன் நூத்துக்கு நூறுங்கறான். எதை நம்பி நான் இந்தக் குட்டிகளைப் பாறை மேலே ஏத்தறது?"

"வராதவங்களையும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க."

வராதவர்களை எப்படிக் கேட்பது என்று யாரோ கேட்க, அந்தத் தாகத்திலும் எல்லோரும் சிரித்தார்கள். மிளகி தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தது.

பின்னாலேயே பூவாள் வந்தது. முதல் குட்டி ஈன்ற இளமான். குட்டி அதன் வயிற்றை முட்டி முட்டிப் பால் வராமல் விட்டது.

"அக்கா, நீ சொல்றதைக் கேட்டா எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா இது காலைப் பாரு. பாறை ஏறுமா?"

தானும் கூட வருவதாகவும், வழியில் நிழல் கண்ட இடத்திலெல்லாம் உட்கார்ந்து போகலாம் என்றும் மிளகி கெஞ்சியது. பூவாள் மலையைப் பார்த்தது. மடுப்பக்கம் பார்த்தது.

"எல்லாரும் அங்கேதானே போறாங்க. நாளைக்கு ஒருநாள் மட்டும் குடிச்சுக்கறேன். கொஞ்சம் தெம்பு வந்ததும் உன்கூடச் சுனைக்கு வரேன்."

"போனவங்க எல்லாருமே ஒருநாளைக்குன்னு போனவங்கதான், பூவாள்."

பூவாள் குட்டியை நக்கிக் கொடுத்துக்கொண்டே போய்விட்டது.

மறுநாள் சாயங்காலம் நாவல்மரத்தடியில் வரிசை நின்றது. குரங்கு கேட்டுக்கொண்டே வந்தது. இல்லை, இல்லை, இல்லை. காட்டுப்பன்றிக்குப் பக்கத்தில் பூவாளின் குட்டி தனியாக நின்றது. வாயோரத்தில் ஈரம் இன்னும் காயவில்லை.

"நீ?"

"தண்ணி ஒரு தடவை குலுங்குச்சு. அப்புறம் அம்மாவைக் காணோம்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. முதலையைப் பார்த்தியா?"

"பார்க்கலை."

"பார்க்கலை," என்று எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்லிவிட்டு நீளவாலன் நகர்ந்தது.

மிளகி வரிசைக்குள் நுழைந்து, காட்டுப்பன்றியைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னது. குட்டி தனியாகத் திரும்பினதைக் கண்டதுமே பாறைக்குழியிலிருந்து எடுத்து வந்திருந்த பூவாளின் காயை அந்தக் காலி இடத்தில் வைத்தது.

"இவளை விட்டுட்டே. இவளையும் கேளு."

குரங்கு திரும்பிப் பார்த்தது. வெறும் தரைதான் தெரிந்தது. அடுத்த ஆளிடம் போய்விட்டது. நூற்றுக்கு நூறு என்று அன்றைக்கும் செங்கொம்பருக்குச் சேதி போனது. வரிசை கலைந்தது.

திரும்பி வந்தவர்களை மட்டுமே கேட்டு முடிவு கட்டினால், கடைசி ஆள் சாகிறவரைக்கும் எல்லாம் நலம் என்றுதான் பதில் வரும்.

மிளகி பாறைக்குழிக்குப் போனது. இல்லாதவர்களின் காய்களை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு வந்தது. குட்டி ஒவ்வொரு காயையும் மோந்து பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தது. மிளகி, பூவாளின் காய்க்கு அடுத்து ஒரு ஆள் நிற்கிற இடம் விட்டு ஒரு காய், மறுபடி இடம் விட்டு ஒரு காய் என்று, நாவல்மரத்து நிழலைத் தாண்டியும் அந்த வரிசையை நீட்டிக்கொண்டே போனது.