மந்தி கொண்டுபோன தேனடை

காட்டில் ஓட்டப்பந்தயம் நடந்து முடிந்த மறுநாள் காலையில் தவிட்டுக்குருவிகள் ஏழும் குளத்தங்கரை நாவல் மரத்தில் வந்து உட்கார்ந்தன. உட்கார்ந்த வேகத்திலேயே செய்தியை அவிழ்த்துவிட்டன.

"கேட்டீங்களா சங்கதியை? கரடி வைத்தியர் இனிமே பந்தயத்துல ஓடுறவங்களுக்கு மட்டும்தான் இலவசமா வைத்தியம் பாப்பாராம். மத்தவங்க ஆளுக்கொரு தேனடை கொண்டுபோகணுமாம்!"

ஒரு குருவி சொன்னதை அடுத்த குருவி சொன்னது. அது சொன்னதை அதற்கடுத்தது சொன்னது. ஏழாவது குருவி சொல்லி முடிப்பதற்குள், தண்ணீர் குடிக்க வந்த அத்தனை மிருகங்களும் அதை நம்பிவிட்டன. ஏழு பேர் சொல்லும்போது பொய்யாகவா இருக்கும்? தவிட்டுக்குருவிகளின் வழக்கமே இதுதான். ஒரு வாய் பேசியதை ஏழு வாயும் பேசும். கேட்கிறவர்கள் ஏழு சாட்சி கிடைத்துவிட்டதாக எண்ணிக்கொள்வார்கள்.

காட்டுக்குக் கோபம் வந்தது. வராதா பின்னே? அங்கே வைத்தியம் தெரிந்தவர் கரடி ஒருவர்தான். யாருக்கு நோவு என்றாலும் பச்சிலை அரைத்துக் கட்டுவார். அதுவரை யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. "வேகமா ஓடத் தெரிஞ்சா எல்லாம் சும்மா கிடைக்கும். நாமதான் இளிச்சவாயர்கள்" என்று காட்டுப்பன்றி உறுமியது. அந்த நேரம் பார்த்துப் புள்ளிமான் தண்ணீர் குடிக்க வந்தது. முந்தின நாள் பந்தயத்தில் முதலாவதாக வந்த மான். நேற்று அதற்காகத் தொண்டை கிழியக் கத்திய கூட்டம், இன்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. மான் ஒன்றும் புரியாமல் அரை வயிற்றுத் தண்ணீரோடு திரும்பிப் போனது.

கூட்டத்தின் பின்னால் நின்ற நரிக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. அதன் மகள் மின்னியின் முன்னங்காலில் கருவேல முள் ஏறி, கால் வீங்கிப் பழுத்திருந்தது. அன்றைக்குத்தான் கரடியின் குகைக்குத் தூக்கிப்போகலாம் என்று நரி நினைத்திருந்தது.

தேனடைக்கு நரி எங்கே போகும்? பாவம், அதற்கு மரம் ஏறவே தெரியாது. இருந்தாலும் பிள்ளைக்காக ஏறிப் பார்த்தது. பாதி மரத்திலிருந்து விழுந்தது. தேனீக்கள் கீழே வந்தும் விடவில்லை, மூக்கிலும் காதிலும் கொட்டித் தீர்த்தன. வீங்கின முகத்தோடு வெறும் வாயாக வீடு திரும்பியபோது மின்னிக்குக் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது.

பக்கத்துப் புற்றில் ஒரு கீரி குடியிருந்தது. கேள்வி கேட்டே ஆளைக் கொல்லும் என்று காட்டில் அதற்குப் பெயர். யார் என்ன சொன்னாலும், யார் சொன்னார், எப்போது சொன்னார், நீ பார்த்தாயா என்று குடைந்தெடுக்கும். தூரத்தில் அதைக் கண்டாலே பாதிப் பேர் வேறு வழியாகப் போய்விடுவார்கள். நரியும் அப்படிப் போகிற ஆள்தான். அன்றைக்கு மட்டும் தப்ப முடியவில்லை.

"என்ன அண்ணே, மூஞ்சி பூசணிக்காயாட்டம் வீங்கிக் கிடக்கு?" என்று கீரி கேட்டது.

நரி நடந்ததைச் சொன்னது. தேனடை இல்லாமல் கரடி வைத்தியம் பார்க்க மாட்டார் என்று ஏழு பேர் சொன்னதையும் சொன்னது.

"ஏழு பேரும் கண்ணால பாத்தாங்களா?"

"என் பிள்ளை காய்ச்சல்ல கிடக்குது. உனக்கு இப்போதான் விசாரணை வேண்டியிருக்கா? போ அந்தப் பக்கம்!" என்று நரி எரிந்து விழுந்தது.

இப்படித் திட்டு வாங்குவது கீரிக்குப் பழக்கம்தான். அது குட்டியின் காலை ஒரு தடவை பார்த்தது. பிறகு நாவல் மரத்தை நோக்கி ஓடியது.

ஏழாவது குருவியைக் கேட்டால் ஆறாவது சொன்னது என்றது. ஆறாவது ஐந்தாவதைக் காட்டியது. இப்படியே கைகாட்டிக் கைகாட்டிக் கடைசியில் முதல் குருவியிடம் வந்து நின்றது. அது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நானேதான் பார்த்தேன் என்றது. பந்தயம் முடிந்ததும் மான் வெறுங்கையோடு குகைக்குப் போனதாம், கரடி அதன் குளம்புக்கு மருந்து போட்டு அனுப்பினாராம். அடுத்து மந்தி பெரிய தேனடையோடு வந்ததாம். அதை வாசலில் வைத்த பிறகுதான் உள்ளே போனதாம். மான் பந்தயத்தில் ஓடியது, மந்தி ஓடவில்லை. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டது குருவி.

"தேனடை கொண்டான்னு கரடி சொன்னதை நீ கேட்டியா?"

"நான் எதிர்மரத்துல இல்ல இருந்தேன்? அங்கே பேச்சு கேக்காது."

கீரி அங்கே நிற்கவில்லை. நேரே மந்தியைத் தேடிப் போனது. மந்திக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கண் கலங்கிவிட்டது. போன மழைக்காலத்தில் அதன் குட்டி கிளையிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டதாம். கரடி ராப்பகலாக உட்கார்ந்து பார்த்தாராம். இப்போது அந்தக் குட்டி கிளைக்குக் கிளை தாவுகிறதாம்.

"அது கூலி இல்லம்மா" என்றது மந்தி. "இந்த வருசத்து முதல் தேனை அவர் சாப்பிடணும்னு என் மனசுக்குத் தோணுச்சு. அவர் வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னார். நான்தான் வாசல்ல வச்சுட்டு, உள்ளே போய்க் கும்பிட்டுட்டு வந்தேன்."

கீரி அங்கிருந்து குகைக்கு ஒரே ஓட்டமாக ஓடியது. கரடி வைத்தியர் வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார். அரைத்து வைத்த பச்சிலை காய்ந்து போயிருந்தது. காலையிலிருந்து ஒருத்தரும் வரவில்லை, காட்டில் எல்லாரும் சுகமாக இருக்கிறார்கள் போல என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார். கீரி விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிட்டது.

கரடிக்குக் கோபம் வரவில்லை. குருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பிள்ளை எங்கே?" என்று மட்டும் கேட்டார். பச்சிலையையும், மந்தி கொடுத்த தேனடையையும் எடுத்துக்கொண்டு கீரியின் பின்னால் நடந்தார்.

வாசலில் கரடியைக் கண்டதும் நரி தலையைக் குனிந்துகொண்டது.

"எங்கிட்ட தேனடை இல்லையே, வைத்தியரே."

"நான் கேட்டேனா?" என்றார் கரடி.

நரி விலகி வழிவிட்டது. கரடி முள்ளைப் பிடுங்கினார், சீழை எடுத்தார், புண்ணில் தேனைத் தடவிப் பச்சிலை வைத்துக் கட்டினார். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் இந்தக் கால் போயிருக்கும் என்று சொல்லிவிட்டுக் குட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் காய்ச்சல் விட்டது. மின்னி கண்ணைத் திறந்து பசிக்கிறது என்றது. நரி அழுதுவிட்டது.

அழுது முடித்ததும் அது கீரியைத் தேடிப் போனது. "உன்னைத் திட்டினேன். நீ கேட்டுக்கிட்டே போனதாலதான் என் பிள்ளை காலோட இருக்கா" என்றது. கீரிக்கு நன்றி கேட்டுப் பழக்கமில்லை. குட்டி என்ன சாப்பிட்டது, எவ்வளவு சாப்பிட்டது என்று விசாரித்தது. இந்தத் தடவை நரி எல்லாக் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொன்னது.

கரடிக்கு என்ன கொடுப்பது என்று நரி வெகுநேரம் யோசித்தது. மறுபடி ஏதாவது பொருளைக் கொண்டுபோனால் அதையும் கூலி என்று நாலு பேர் சொல்வார்கள். அதனால் காலையில் அது மின்னியை முதுகில் ஏற்றிக்கொண்டு குளத்துக்குப் போனது. கூட்டம் கூடுகிற நேரமாகப் பார்த்து நடுவில் போய் நின்றது.

"நான் பந்தயத்துல ஓடாதவன். கையில எதுவும் இல்லாதவன். கரடி வைத்தியர் என் வீடு தேடி வந்து இவ காலைக் காப்பாத்தினார். இந்தக் கட்டைப் பாருங்க" என்றது.

கீரி விசாரித்துவந்த தேனடைக் கதையையும் சொன்னது. பிறகு எல்லார் முன்னாலும் புள்ளிமானிடம் மன்னிப்புக் கேட்டது. மான் குளத்தில் இறங்கி வயிறு நிறையத் தண்ணீர் குடித்தது. முதல் குருவி வெட்கப்பட்டு, நான் பார்த்தது பாதி, நினைத்துக்கொண்டது மீதி என்று ஒத்துக்கொண்டது. ஆனால் பொய் போன வேகத்தில் உண்மை போகுமா? முந்தின நாள் வந்தவர்கள் பலர் அன்று வரவில்லை. அதனால் நரி தினமும் காலையில் குளத்தங்கரைக்கு வந்தது. புதிதாக யார் வந்தாலும் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னது. தேனடைக்குப் பயந்து காதுப் புண்ணோடு அலைந்துகொண்டிருந்த காட்டுப்பன்றி, நரி சொன்னதைக் கேட்டுவிட்டு மெல்லக் குகைப் பக்கம் நடந்தது.

கேட்ட செய்தியைப் பரப்புவதற்கு முன் சம்பந்தப்பட்டவரிடமே போய்க் கேட்டுத் தெளிவதுதான், நமக்கு நல்லது செய்கிறவர்களுக்கு நாம் செலுத்தும் முதல் நன்றி.