யானையிடம் திருடியவன்

வடிவம்மையின் மடத்தில் எந்த அறைக்கும் தாழ்ப்பாள் கிடையாது. பேச்சிமுத்து அங்கே வந்து சேர்ந்த நாள்முதல் செவந்தியப்பருக்குத் தூக்கம் கெட்டதற்கு அதுதான் காரணம்.

செவந்தியப்பர் சீடர்தான், ஆனால் குரு வடிவம்மையைவிடப் பதினைந்து வயது மூத்தவர். சந்தைக் காவலில் இருபத்தைந்து வருடம் இருந்துவிட்டு, மீசை நரைத்த பிறகு ஞானம் தேடி வந்தவர். மீசையை மழித்தார். காவல்காரக் கண்ணை என்ன செய்வது? அது அப்படியேதான் இருந்தது.

பேச்சிமுத்து நாலைந்து ஊர்களில் வீட்டுச் சுவரில் கன்னம் வைத்துத் திருடியவன். அதை வந்த அன்றே அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். "இனிமே எடுக்கமாட்டேன் தாயே, இங்க இருக்க விடுங்க" என்று காலைப் பிடித்தான். ஒரு மாதம் இரு, பார்க்கலாம் என்றார் வடிவம்மை.

மாதம் முடிந்த அன்று விடிந்ததும் செவந்தியப்பர் குருவின் முன் போய் நின்றார்.

"அவனை அனுப்பிடுங்க தாயே."

"என்ன எடுத்தான்?"

"இன்னும் எடுக்கல. எடுப்பான். திருட்டு கையில இல்ல, குணத்துல இருக்கு. இருபத்தஞ்சு வருசம் பாத்தவன் சொல்றேன்."

"எந்தக் குணத்துல?"

இந்தக் கேள்விக்காகவே மனிதர் ஒரு மாதமாகக் காத்திருந்தார். மளமளவென்று கொட்டினார்.

"நடந்தா சத்தம் வராது. எவ்வளவு நேரம்னாலும் அசையாமக் கிடப்பான். அடுத்தவன் மூச்சை வெச்சே அவன் தூங்குறானா முழிச்சிருக்கானான்னு சொல்லிடுவான். பயம்னா என்னன்னே தெரியாது. இதெல்லாம் ஒரே ஆள்கிட்ட இருந்தா அவன் திருடன்தான். சந்தேகமே வேணாம்."

வடிவம்மை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கோயில் ஆள் ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

திருவிழாவுக்குப் போகிற வழியில் கோயில் யானை அலமேலுவை நேற்றுப் புளியந்தோப்பில் கட்டியிருந்தார்கள். பாகன் கிட்டுணனுக்குக் கடும் காய்ச்சல். அவள் காலடியிலேயே சுருண்டு விழுந்துவிட்டான். அப்போதிருந்து அலமேலு அவனைத் தன் நாலு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அண்டியவனையெல்லாம் துதிக்கையால் விரட்டுகிறாள்.

"ராத்திரியெல்லாம் தண்ணி தண்ணின்னு முனகிட்டிருந்தான் தாயே. இப்ப முனகலும் இல்ல."

எல்லாரும் தோப்புக்கு ஓடினார்கள்.

போனதும் செவந்தியப்பர் காரியத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். சந்தையில் மிரண்ட மாடுகளை விரட்டிய அனுபவம் அவருக்கு. பறையை அடிக்கச் சொன்னார். தீப்பந்தம் கொளுத்தச் சொன்னார். அலமேலு துதிக்கையால் பாகனை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டாள். அவள் முன்னங்கால் ஒன்று அவன் மார்புக்கு மேலே தூக்கியபடி நின்றது. பறை அடித்தவர் கையிலிருந்து குச்சி நழுவியது.

"போதும்" என்றார் வடிவம்மை. பந்தம் அணைந்தது. கால் மெல்லக் கீழே இறங்கியது, அவனுக்கு ஒரு சாண் தள்ளி.

குரு செவந்தியப்பர் பக்கம் திரும்பினார்.

"சத்தமில்லாம நடக்கணும். பயம் இருக்கக் கூடாது. அப்படி யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?"

செவந்தியப்பரின் கண் தானாகப் பேச்சிமுத்துவிடம் போனது.

"நான் விட்டுட்டேன் தாயே" என்றான் பேச்சிமுத்து. "இனி எடுக்கமாட்டேன்னு உங்க காலைத் தொட்டுச் சொல்லியிருக்கேன்."

"நான் சொல்றேன். போய் எடுத்துட்டு வா."

அவன் கொஞ்ச நேரம் யானையையே பார்த்தான். பிறகு வழியோரம் கிடந்த பாகனின் மூட்டையைப் பிரித்து, துவைக்காத வேட்டி ஒன்றை எடுத்து உடம்பெல்லாம் தேய்த்து, இடுப்பில் சுற்றிக்கொண்டான். தரையோடு தரையாகப் படுத்து நகர ஆரம்பித்தான்.

யானையின் காது ஆடும்போது நகர்ந்தான். காது நின்றால் அவனும் நின்றான். பாதி வழியில் துதிக்கை வந்து அவன் முதுகைத் தடவியது. அவன் செத்தவன்போலக் கிடந்தான். துதிக்கை போனது. கடைசியில் அவள் வயிற்றுக்குக் கீழே, பாகனை ஒட்டிப் படுத்துக்கொண்டான். பாகனின் மூச்சும் அவன் மூச்சும் ஒன்றாக ஏறி இறங்கின. அப்படியே ஒரு நாழிகைக்கு மேல் கிடந்தான். அலமேலு நின்றபடியே கண்ணயர்ந்தாள்.

செவந்தியப்பர் எத்தனையோ திருடர்களைப் பிடித்திருக்கிறார். ஒருவன்கூடத் திருடுவதை அவர் கண்ணால் கண்டதில்லை. இப்போது கண்டார். கோயில் கருவறை முன்னால்கூட அவர் இப்படிக் கைகூப்பி நின்றதில்லை.

பேச்சிமுத்து இழுக்க, பாகன் விரற்கடை விரற்கடையாக வெளியே வந்தான். அவன் கிடந்த இடத்தில் அந்த வேட்டி சுருண்டு கிடந்தது. வெயில் உச்சிக்கு வந்தபோது பேச்சிமுத்து அவனைத் தோப்பு வரப்புக்கு இந்தப் பக்கம் சேர்த்துவிட்டான். உதட்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார்கள். தொண்டை அசைந்தது. கண் திறந்தது.

ஊரே ஆனந்தத்தில் கத்தியது. ஆளாளுக்குப் பேச்சிமுத்துவைக் கட்டிக்கொண்டார்கள்.

அந்தக் கத்தலில் அலமேலு விழித்துக்கொண்டாள். துதிக்கையால் தடவினாள். வேட்டியை எடுத்து முகர்ந்தாள், கீழே வைத்தாள், மறுபடியும் எடுத்தாள். சுற்றிலும் மண்ணைத் தடவிப் பார்த்தாள். பிறகு அழுதாள். பிளிறல் இல்லை அது, அழுகைதான்.

பேச்சிமுத்து கட்டிக்கொண்டவர்களை விலக்கிவிட்டுக் குருவிடம் வந்தான்.

"நான் எடுத்த வீட்டுலயும் இப்படித்தான் அழுதிருப்பாங்களா தாயே?"

"நீ கேட்டதில்லையா?"

"நின்னாத்தானே கேக்குறதுக்கு."

சொல்லிவிட்டு அவன் தோப்புக்குள் திரும்பி நடந்தான். சருகு நொறுங்க நொறுங்க நடந்தான். சங்கிலி விறைக்க நின்ற யானையின் முன்னால், கைக்கெட்டும் தூரத்தில் போய் நின்றான்.

"எடுத்தது நான்தான்" என்றான். "உன் ஆளு உசுரோட இருக்கான். தண்ணி குடிச்சான். கூட்டிட்டு வருவேன்."

துதிக்கை ஓங்கி எழுந்தது. பெண்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். அது இறங்கி, அவன் தலையை முகர்ந்தது, மார்பை முகர்ந்தது, இரண்டு உள்ளங்கைகளையும் முகர்ந்தது. பிறகு அவன் தோளில் கிடந்தது. அவன் அங்கேயே நின்று அழுதான்.

செவந்தியப்பர் குருவின் அருகே வந்து உட்கார்ந்தார்.

"திருடின இடத்துக்கு எந்தத் திருடனாவது திரும்பிப் போவானா தாயே?"

"போகமாட்டான்" என்றார் வடிவம்மை.